பெயர் மாற்றப்பட்டுள்ளது

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

முழங்காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் இன்னும் என் பேச்சைக் கேட்கின்றன. உன் தலைவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையும் குழந்தையும் சுகந்தானே? கலவரத்தில் கைபேசிக் கோபுரத்தைக் கொளுத்திய பிறகு இங்கே யாரும் யாரோடும் பேச வழியில்லை. தபால்காரர் மட்டும் ஆற்றின் இரண்டு கரைக்கும் போய்வருகிறார். இனி நம் அரட்டையெல்லாம் அவர் பைக்குள்தான்.

உங்கள் அலுவலகம் வெளிநாட்டுப் பணத்திலிருந்து கொடுத்த சிறுமானியத்தில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்திருக்கிறோம். இரண்டு பெஞ்சு, ஒரு கெட்டில், ஆளுக்கொரு டார்ச். இக்கரைப் பெண்கள் பத்துப் பேர், அக்கரைப் பெண்களும் பத்துப் பேர். நாங்கள் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒவ்வொருத்திக்கும் எதிர்க்கரையில் ஒரு ஜோடி. 'அவனுங்க பிள்ளையத் தூக்கிட்டாங்க', 'தண்ணித் தொட்டியில எதையோ கலந்துட்டாங்க' என்று ஒரு புரளி வந்தால், புருஷனிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் பாலத்தின் நடுவுக்குப் போய், ஜோடியைக் கூப்பிட்டு, உண்மையா என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான். வகுப்பில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டால் நான் முதலில் கேட்பது, "அவன் உன்னைத் திட்டினான்னு உனக்கு யார் சொன்னது?" என்றுதான். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

உங்கள் படிவத்தில் 'எத்தனை மோதல்கள் தடுக்கப்பட்டன' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கு நான் வந்த வருஷம் இரும்பு மூடி போட்டோம். அதனால் எத்தனை குழந்தைகள் சாகவில்லை என்று கேட்டால் நான் என்ன எண்ணைப் போடுவேன்? கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

குழந்தைக்கு என் முத்தம்.
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி இருக்கிறது, ஆனால் பழகிவிட்டது. வீட்டில் மற்ற இருவரும் நலம். முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாயா, அலமாரியில் அழகு பார்க்கிறாயா?

கிணற்று மூடி நல்ல உதாரணம். ஆனால் எங்கள் தேர்வுக் குழு உன் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இல்லை. ஏப்ரலில் எல்லாப் பெண்கள் குழுக்களையும் மறுபரிசீலனை செய்து நாலைந்தைக் கழித்துவிடப் போகிறார்கள். நீ என் அக்கா என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் உன் குழு பற்றிய பேச்சு வரும்போது நான் அறையை விட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும், விதி அப்படி. உனக்காக நான் ஒரு வார்த்தை பேச முடியாது. நீ அனுப்பும் தாள்தான் பேச வேண்டும்.

எண் இல்லாவிட்டால் போகட்டும். ஒரு வெற்றிக் கதையாவது எழுது. ஒரு பெண், அவள் செய்த ஒரு காரியம். எதற்கெடுத்தாலும் உதாரணம் சொல்கிறவளுக்கு நானா சொல்லித்தர வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
சின்னவள்


மார்ச் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

தைலம் தடவுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி, "டீச்சர் வர்றதுக்கு முன்னாடி வாசனை வந்துடுது" என்கிறாள்.

அலுவலகத்துக்கான கதையைத் தனியாக, பொத்தாம்பொதுவாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பயிற்சி, ஒற்றுமை, விழிப்புணர்வு என்று உங்களுக்குப் பிடித்த சொற்களெல்லாம் அதில் இருக்கின்றன. இனி எழுதப்போவது உனக்கு மட்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தாங்காது.

அக்கரையில் ஒரு முட்டைக்காரி இருக்கிறாள். புருஷன் இல்லை, ஒரே மகள். இடது கால் கொஞ்சம் சாய்த்து நடப்பாள். ஆனாலும் தலையில் அடுக்கிய அட்டையில் ஒரு முட்டை அசையாது. கலவரத்துக்குப் பிறகும் இரண்டு கரையிலும் தெருத்தெருவாகப் போய் விற்கிற ஒரே ஆள் அவள்தான். அவளுடைய ஜோடி இக்கரையில் துணிக்கு இஸ்திரி போடும் தேய்ப்புக்காரி. போன மாதம் ஒரு காலையில் தேய்ப்பு வண்டியிடம் வந்து முட்டையை எண்ணிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: "இன்னிக்குச் சாயங்காலம் உங்க மரக்கடையைக் கொளுத்த வர்றாங்க. என் கொழுந்தன்தான் கூட்டிட்டு வர்றான். நான் சொன்னேன்னு தெரிஞ்சா மரக்கடைக்கு முன்னாடி என்னைக் கொளுத்துவான்டி."

தேய்ப்புக்காரி என்னிடம் ஓடிவந்தாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு கரைப் பெண்களும் பாலத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டோம். டயர் கடைக்காரரின் மாமியார் முன்வரிசை. பையன்கள் தகர டப்பாக்களோடு வந்தார்கள். கொழுந்தன்தான் பேசினான்.

"அத்தை, எழுந்திரிங்க. வழி விடுங்க."

"டேய், நான் உட்காரவே அரைமணி நேரம் ஆச்சு. எழுந்திருக்க அதுல ரெட்டிப்பு ஆகும். அவசரமிருந்தா ஆத்துல நீந்திப் போ."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த பிறகு நெருப்பு வைப்பது கஷ்டம். திரும்பிப் போய்விட்டார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று அவன் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறான். விஷயம் தெரிந்தது தேய்ப்புக்காரிக்கும் எனக்கும்தான். இப்போது உனக்கும்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். ஓடுகிற ஓட்டத்தில் எழுதுகிறேன். உன் குழு தப்பித்தது! இன்னும் இரண்டு வருஷத்துக்கு மானியம் உண்டு. நான் வெளியே தாழ்வாரத்தில் நகம் கடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்ததும் குழுத் தலைவி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "இப்படிப்பட்ட ஒரு பெண் இருக்கும்வரை நம்பிக்கை இருக்கு" என்றார்.

உன் அறையில் எல்லோரிடமும் சொல். இன்று ஒரு கெட்டில் கூடுதலாகக் கொதிக்கட்டும்.
சின்னவள்


மே 6

அன்புள்ள சின்னவளுக்கு,

செய்தியைச் சொன்னதும் அறையில் கைதட்டல். அன்றைக்குப் பார்த்து முட்டைக்காரி படியேறும்போது அவசரத்தில் மூன்று முட்டையை உடைத்துவிட்டாள். "உடைஞ்சதை உங்க சமாதானக் கணக்குல எழுதிக்கோங்க டீச்சர். வெளிநாட்டுக்காரன் குடுக்கட்டும்" என்றாள். தேய்ப்புக்காரி உடனே, "இவ உடைக்கிற வேகத்துக்கு அந்த நாடே கடனாளி ஆயிடும்" என்றாள். இவர்கள் இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல் சண்டை போடுவார்கள். முட்டைக்காரியின் மகள் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நான்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கெட்டிக்காரி. அம்மாவின் நாக்கு அப்படியே வந்திருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். அலுவலகத்துக்கு நான் அனுப்பிய கதையில் பெஞ்சும் பயிற்சியும்தான் இருந்தன. உங்கள் தலைவி அம்மா எந்தப் பெண்ணை நினைத்துக் கண்கலங்கினார்? பெஞ்சைப் பார்த்து அழுகிறவர்களை நான் கண்டதில்லை.

பதில் எழுது.
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அவருக்கு வேலை இடம் மாறும்போல் இருக்கிறது. இங்கே குளியலறைச் சுவர் ஊறி, சுண்ணாம்பு பெயர்ந்து விழுகிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதத் தாமதம்.

எங்கள் ஆண்டறிக்கை அச்சில் இருக்கிறது. இந்த முறை எல்லா மாவட்டங்களுக்கும் உள்ளூர் மொழியிலேயே போகிறது. மேலிடத்தின் யோசனை.

அக்கா, அந்த முட்டைக்காரிக்குப் பெயர் என்ன? அங்கே அவளைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

தைலம் தீர்ந்தால் சொல்.
சின்னவள்


ஜூலை 3

சின்னவளுக்கு,

உங்கள் அறிக்கை வந்துவிட்டது. மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் போட்டு, மாலை மரியாதையோடு இரண்டு கரைப் பெரியவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வழவழப்பான தாள். அக்கரையில் முடிவெட்டும் கடையில் ஒன்று கிடந்ததாம். காத்திருந்தவர்கள் உரக்கப் படித்திருக்கிறார்கள்.

நான் உனக்கு எழுதியதுதான். மரக்கடை, பாலம், மாமியார் சொன்ன பதில்வரை. நீ அவளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறாய். கீழே சின்ன எழுத்தில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி.

இந்த ஊரில் பெயரை வைத்து யார் யாரைத் தேடுகிறார்கள்? முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். நான் டீச்சர், அவள் தேய்ப்புக்காரி, இவள் முட்டைக்காரி. நீ மாற்றியது யாருக்கும் தெரியாத ஒன்றை. 'இரு கரையிலும் முட்டை விற்கும், இடது கால் சாய்த்து நடக்கும் விதவை' என்பதை அப்படியே விட்டுவிட்டாய்.

முட்டைக்காரி இப்போது முட்டை விற்க வருவதில்லை. அறையைப் பூட்டியிருக்கிறோம்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

கடிதம் கிடைத்தது. 

அன்று நீ அனுப்பிய பொத்தாம்பொதுவான கதையை மேலதிகாரி படித்துவிட்டு, "இதுல உயிரே இல்லையே, இது நிச்சயம் கழிஞ்சிடும்" என்றார். என் மேசை இழுப்பறையில் உன் கடிதம் இருந்தது. உனக்காக நான் பேசக்கூடாது, ஆனால் அது பேசும் என்று தோன்றியது. ஊர்ப் பெயரை எடுத்தேன். ஆற்றின் பெயரை எடுத்தேன். அவளுக்கு வேறு பெயர் வைத்தேன். நாங்கள் எல்லாக் குழுக்களுக்கும் செய்வது அதைத்தான். அதற்கு மேல் செய்ய வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தேர்வுக் குழு மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிடும் என்று நினைத்தேன். அறிக்கைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது மறுக்க வாய் வரவில்லை. மறுத்தால் காரணம் கேட்பார்கள்.

அவள் எங்கே இருக்கிறாள்? மகள் கூட இருக்கிறாளா? எங்களிடம் ஆபத்தில் இருக்கிற பெண்களுக்கு இடமாற்ற உதவி என்று ஒன்று உண்டு. வேறு ஊரில் வீடு, வழிச் செலவு எல்லாம் கொடுப்பார்கள். விண்ணப்பத்தை வைத்திருக்கிறேன். அவள் கையெழுத்து போட்டால் போதும். உடனே அனுப்பு அக்கா. தூங்க முடியவில்லை.

சின்னவள்


ஆகஸ்ட் 5

அக்கா,

விண்ணப்பம் வந்து சேர்ந்ததா? தபால்காரர் இன்னும் வருகிறாரா? உன் முழங்கால் எப்படி? திட்டுவதாக இருந்தால் திட்டியாவது ஒரு வரி எழுது.

சின்னவள்


ஆகஸ்ட் 22

சின்னவளுக்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. விண்ணப்பமும் வந்தது. அதில் கையெழுத்துப் போட ஆளில்லை.

ஜூலையில் நான் உனக்கு எழுதியபோதே அவள் இறந்துவிட்டிருந்தாள். 'முட்டை விற்க வருவதில்லை' என்று எழுதினேன். அதற்கு அடுத்த வாக்கியத்தைப் பேனா எழுதவில்லை. நீயும் அடுத்த கடிதத்தில் எங்கே இருக்கிறாள் என்று கேட்டாயே தவிர, இருக்கிறாளா என்று கேட்கவில்லை.

நல்ல பகலில் நடந்தது. அவள் அட்டையோடு பாலத்தில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். கொழுந்தனும் இன்னும் சிலரும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். முதலில் அட்டையைத் தட்டிவிட்டார்கள். அவள் குனிந்து, உடையாததைப் பொறுக்கியிருக்கிறாள். பிறகு கல். இரு கரையிலும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். தேய்ப்புக்காரி ஒருத்திதான் ஓடினாள், அவள் மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். தேய்ப்புக்காரியின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. இனி அவளால் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க முடியாது. முட்டைக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இதோடு போயிருந்தால் நான் இன்னும் சில மாதம் உனக்கு எழுதாமலே இருந்திருப்பேன். போகவில்லை. அக்கரையில் இப்போது என்ன பேசுகிறார்கள் தெரியுமா? விஷயம் தெரிந்தவள் அவள் ஜோடி தேய்ப்புக்காரி, அதனால் அலுவலகத்திடம் காசு வாங்கிக்கொண்டு கதையை விற்றவளும் அவள்தான் என்கிறார்கள். முட்டைக்காரியின் மகளும் அதையே நம்புகிறாள். தேய்ப்புக்காரியின் வண்டியை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அவள் வாயைத் திறந்து ஒரு சொல் மறுக்கவில்லை. "செத்தவளே வந்து சொன்னாத்தான் நம்புவாங்க, நான் சொல்லி என்ன ஆகப்போகுது டீச்சர்?" என்கிறாள். அடுத்த கல் அவளுக்குத்தான் என்று எனக்குத் தெரிகிறது.

நான் அக்கரைக்குப் போய், "எழுதினது நான்தான்மா, என் தங்கைக்கு எழுதினேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பெண். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "பொய் சொல்லாதீங்க டீச்சர். உங்க கரை ஆளைக் காப்பாத்த வந்திருக்கீங்க."

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. ஆனால் இரவெல்லாம் என் கடிதத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவள் காலைப் பற்றி நான் ஏன் எழுதினேன்? கதைக்கு அது வேண்டியதே இல்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறபோது ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மூக்கு, நடை எல்லாம் சொல்வேனே, அந்தப் பழக்கத்தில் எழுதினேன். நன்றாகத் தெரிந்துவிட்டாள்.

நடந்ததை நீ எழுது. யாரிடமிருந்து வந்தது, யார் எடுத்தது, யார் அச்சுக்குக் கொடுத்தது, எல்லாம். உன் பெயரையும் பதவியையும் போட்டு அனுப்பு. இரண்டு கரைக்கும் படித்துக்காட்ட வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

மேலதிகாரியிடம் சொன்னேன். அலுவலக வக்கீல் வந்தார். "எதையும் எழுத்துல குடுக்காதீங்கம்மா. நிறுவனத்துக்குப் பொறுப்பு வந்துடும். அடுத்த பதிப்புல அந்தப் பக்கத்தை எடுத்துடறோம், விஷயம் ஆறிடும்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரிகிறது. நான் அதற்குப் பிறகு அலுவலகம் போகவில்லை. போகவேண்டாம் என்று அவர்களும் எழுதிவிட்டார்கள்.

நீ கேட்டதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஆறு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் எங்கோ ஓர் இடத்தில் 'ஆனால்' என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. அதை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்:

"இரு கரைப் பெண்களுக்கு. மரக்கடை விஷயத்தை என் அக்கா, நீங்கள் டீச்சர் என்று அழைப்பவர், எனக்கு மட்டும் என்று சொல்லி எழுதினார். அவரைக் கேட்காமல் அதை எடுத்துத் தேர்வுக் குழுவிடம் கொடுத்தது நான். அச்சிடச் சம்மதித்ததும் நான். தேய்ப்புத் தொழில் செய்யும் அம்மாவை நான் பார்த்ததில்லை, அவர் எங்கள் அலுவலகத்தோடு பேசியதில்லை, அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. முட்டை விற்ற அம்மாவின் சாவுக்கு வழிகாட்டியது நான் எழுதிய பக்கம்."

கீழே என் முழுப்பெயரும் பதவியும் முகவரியும் இருக்கின்றன.

குழந்தை உன்னைக் கேட்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.
சின்னவள்


செப்டம்பர் 25

அன்புள்ள சின்னவளுக்கு,

முழங்கால் வீங்கியிருக்கிறது. பாலத்தில் வெகுநேரம் நின்றதால். வேறொன்றுமில்லை. குழந்தையிடம் அத்தனையும் சொல்லாதே. பெரியம்மா நலம் என்று மட்டும் சொல்.

உன் தாளைப் படித்தேன். பாலத்தின் நடுவில், எங்கள் வழக்கப்படி. இக்கரையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அக்கரையிலிருந்து மகளும், அவளுக்குத் துணையாக இரண்டு பெண்களும். கொழுந்தன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் போலீஸ் ஒருநாள் கூட்டிப்போய் மறுநாள் விட்டுவிட்டது. தேய்ப்புக்காரி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

படித்து முடித்ததும் மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். "எழுத்து உங்களுது மாதிரியே இருக்கு டீச்சர்."

"அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்தாம்மா."

"அப்ப இதையும் நீங்களே எழுதியிருக்கலாம். உங்க கரையில பேனாவுக்குப் பஞ்சமா?"

அப்போது தேய்ப்புக்காரி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "என்னை நம்ப வேண்டாம்டி. உங்கம்மா விழுந்தப்ப என் காதுல என்ன சொன்னான்னு கேளு. 'மகள் அந்தப் பயிற்சிக்குப் போயே ஆகணும், நீ கூட்டிட்டுப் போ'ன்னா. நான் கூட்டிட்டுப் போறதா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு. அப்புறம் கல்லு போடறதுன்னா போடு."

அந்தப் பெண் அழவில்லை. தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என்னிடம், "பேப்பர் வேண்டாம் டீச்சர். எங்கம்மாவைப் பேப்பர்தான் கொன்னுச்சு. எழுதினவங்க வரட்டும். என் முன்னாடி நின்னு வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இவமேல யாரும் கை வைக்காமப் பாத்துக்கறேன். வரலைன்னா என்னால முடியாது" என்றாள்.

வந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவள் மன்னிப்பாள் என்றும் சொல்ல முடியாது. அதை எதிர்பார்த்து வராதே. பேருந்து இக்கரையோடு நின்றுவிடும், அக்கரைக்கு நடக்கவேண்டும். நானும் கூட நடப்பேன். அவளை நாம் இருவரும் சேர்ந்துதானே எழுதினோம்.

"எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அடுத்த மாதம் முடிவதற்குள் வருவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அக்கா